வெளிச்சம் குறைந்த காட்டில் விலங்குகளைப் படமெடுக்க: கேமராவும் லென்ஸும் வாங்குவோருக்கு

ஜூலை மாதம், வால்பாறை. புதுத்தோட்டம் பக்கம் சாலையோர மரங்களில் சோலைமந்திக் (சிங்கவால் குரங்கு) கூட்டம் ஒன்று இறங்கியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பதினைந்து மீட்டர்கூட இருக்காது. கையில் புத்தம் புதிய 150-600 மி.மீ. லென்ஸ் (இந்த எண் கூடக் கூடத் தூரத்து விலங்கு பெரிதாகத் தெரியும்). இரண்டு மணி நேரத்தில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். அறைக்குத் திரும்பிக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. பாதிப் படங்களில் மந்தியின் முகம் அசைந்து கலங்கியிருந்தது. மீதிப் படங்களில் கருப்பு ரோமம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ்.

லென்ஸில் குறை இல்லை, வெளிச்சத்துக்குப் பொருந்தாத லென்ஸை வாங்கியிருந்தேன் என்பது புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் ஒரு பாடியை (லென்ஸ் நீங்கலான கேமரா) மாற்றினேன், லென்ஸின் நீளத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி விற்றேன், கணிசமான பணம் போனது. நீங்கள் அந்தச் சுற்றுப்பாதையில் போக வேண்டாம். கீழே உள்ள வரிசையில் செய்தால், முடிவெடுத்து வாங்கி முடிக்க இரண்டு மாதம் போதும்.

1. முதலில் வெளிச்சத்தை அளந்து எழுதுங்கள்

"600 நல்லதா, 500 நல்லதா" என்று எல்லோரும் லென்ஸின் நீளத்திலிருந்து, அதாவது மி.மீ. எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதற்கு முன் தெரிய வேண்டியது, நீங்கள் படமெடுக்கப் போகும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பது.

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். கையில் இருக்கும் கேமராவில் அதோடு வந்த சாதாரண கிட் லென்ஸைப் போட்டு, மேனுவல் மோடில் அபர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ என்று வையுங்கள். அபர்ச்சர் லென்ஸின் திறப்பு, எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது. ஷட்டர் என்பது வெளிச்சம் உள்ளே வரும் நேரம், நொடியில். ஐஎஸ்ஓ கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு, அது ஏறினால் நாய்ஸும் ஏறும். ஐஎஸ்ஓவுக்கு மேல்வரம்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வானம் வராதபடி புதரையோ மரத்தண்டையோ நோக்கி ஒரு படம் எடுத்து, கேமரா காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கேமராவே இல்லை என்றால் போனின் புரோ மோடில் ஷட்டரை 1/500 வைத்துப் பாருங்கள். போனின் முக்கிய கேமரா எஃப் 1.8 ஆக இருந்தால், வரும் எண்ணை 10 ஆல் பெருக்கினால் எஃப் 5.6 கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

என் நோட்டில் இருப்பது இது. வெயில் விழும் புல்வெளி, காலை ஏழரை மணி: 200. மேகமூட்டத்தில் தேயிலைத் தோட்டம்: 800. மழைநாளில் சோலை மரங்களுக்கு அடியில், பகல் பதினொன்றுக்கு: 6400. காட்டு ஓரம், மாலை ஆறேகால்: 25600.

புல்வெளிக்கும் சோலைக்கும் இடையில் 32 மடங்கு வித்தியாசம். நம் கண் இதைச் சமன்செய்துவிடுவதால் இரண்டு இடமும் நமக்குப் பெரிதாக வேறுபடுவதில்லை. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி இந்த எண்ணை லென்ஸுக்கு லென்ஸ் மாற்றிப் பாருங்கள். எஃப் 5.6ல் 6400 கேட்ட அதே இடத்தில் எஃப் 4 லென்ஸுக்கு 3200 போதும், எஃப் 2.8 லென்ஸுக்கு 1600 போதும். மறுபக்கம் எஃப் 6.3 என்றால் 8000, எஃப் 7.1 என்றால் 10000, எஃப் 9 என்றால் 16000, எஃப் 11 என்றால் 25600. நான் மந்திகளோடு நின்ற அன்று என் லென்ஸ் எஃப் 6.3. கிராப் சென்சார் கேமராவில் (படம் பதியும் சென்சார் சிறியது) ஐஎஸ்ஓ 8000 வைக்கப் பயந்து ஷட்டரை 1/100க்கு இறக்கினேன். தாவிக்கொண்டிருந்த குட்டிகளெல்லாம் கோடுகளாக இழுபட்டன.

ஒரே இடத்தில் மூன்று நாளாவது, காலை, நண்பகல், மாலை என்று அளந்து எழுதுங்கள். காட்டுக்குப் போக முடியாதவர்கள் ஊரில் அடர்ந்த மாந்தோப்புக்குள் அளந்தாலும் ஓரளவு பிடிபடும்.

2. எந்த விலங்கு, எவ்வளவு தூரம்

அடுத்து, நீங்கள் எடுக்கப்போகும் விலங்கு படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்று கணக்குப் போடுங்கள். மீட்டரில் தூரத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுங்கள். புல்பிரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 36 ஆல் பெருக்குங்கள், கிராப் சென்சார் என்றால் 24 ஆல். வருவதுதான் படத்துக்குள் அடங்கும் அகலம், மீட்டரில்.

பதினைந்து மீட்டரில் சோலைமந்தி, 300 மி.மீ. லென்ஸ், கிராப் சென்சார்: 1.2 மீட்டர் அகலம். மந்தியின் உடம்பு அரை மீட்டர் அளவு. ஆக, படத்தில் ஏறக்குறைய பாதியை அது நிறைத்துவிடும். நாற்பது மீட்டரில் காட்டுமாடு, அதே லென்ஸ்: 3.2 மீட்டர். முழு உடம்பும் சரியாக அடங்கும். இதே காட்டுமாட்டுக்கு 600 மி.மீ. போட்டால் 1.6 மீட்டர்தான், தலையும் தோளும் மட்டும் வரும். இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் 600 மி.மீ. லென்ஸை நான் வாங்கியே இருக்க மாட்டேன். என் மந்திப் படங்களில் பெரும்பாலானவற்றை நான் 300, 350 மி.மீட்டரில்தான் எடுத்திருந்தேன்.

ஆனால் இருவாச்சியை எடுக்க வேண்டும் என்றால் கதை மாறும். அறுபது மீட்டர் தள்ளி உயர்ந்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மீட்டர் நீளப் பறவை. 300 மி.மீ.யில் 4.8 மீட்டர் அகலத்துக்குள் அது சின்னதாகிவிடும். 600ல் 2.4 மீட்டர். இங்கே நீளம்தான் வேண்டும். உச்சிக்கிளையில் வெளிச்சமும் சோலைக்குள் இருப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். "எஃப் 4 லென்ஸில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். 300ல் எடுத்த படத்தை 600 அளவுக்கு வெட்டினால் நான்கில் ஒரு பங்குப் படம்தான் மிஞ்சும், நாய்ஸும் அதற்கேற்ப பெரிதாகத் தெரியும். எஃப் 4 தந்த ஆதாயம் அதோடு போய்விடும். ஆக, பெரிய விலங்கு அல்லது அருகில் வரும் விலங்கு என்றால் அகன்ற அபர்ச்சர், தூரத்துச் சிறு பறவை என்றால் நீண்ட லென்ஸ். உங்கள் பட்டியலில் முதல் மூன்று விலங்குகள் எவை என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. லென்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சம் பாடிக்கு

கையில் இருக்கும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு லென்ஸுக்கு. பாடி நான்கைந்து வருடத்தில் மாறும், நல்ல லென்ஸ் பதினைந்து வருடம் கூட வரும்.

கீழே உள்ள விலைகள் ஒரு மதிப்புக்காக மட்டும். வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சத்துக்குள் என்றால் பழைய லென்ஸ்தான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த முந்தைய வகைக் கேமரா) காலத்து 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் இந்த விலைக்குள் கிடைக்கின்றன. மந்தி, யானை, காட்டுமாடு, சாலையோர வரையாடு எல்லாவற்றுக்கும் இதுவே போதும். நான் கடைசியில் வந்து சேர்ந்தது நிகானின் 300 எஃப் 4 பிஎஃப். பழசாக 78,000 ரூபாய் கொடுத்தேன். எடை 755 கிராம்தான், நாள் முழுக்கக் கையில் பிடித்து நடக்கலாம். மழையில் இரண்டு கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்று முதல் இரண்டு லட்சத்துக்குள் 150-600, 200-600, 180-600 வகை ஜூம்கள் வருகின்றன. சிக்மா, டாம்ரான், சோனி, நிகான் நால்வரும் செய்கிறார்கள். எல்லாமே நீளக் கடைசியில் எஃப் 6.3. பறவைக்கும் திறந்த வெளிக்கும் மிக நல்லவை, நான் முதலில் வாங்கிய லென்ஸும் இந்த வகைதான். ஆனைமலைச் சோலைக்குள் மழைக்காலத்தில் இவற்றை நம்பிப் போகாதீர்கள். நிகானின் பழைய 200-500 மட்டும் எந்த நீளத்திலும் எஃப் 5.6 தரும். பழைய சந்தையில் கொடுக்கும் காசுக்கு இதைவிட மதிப்பான நீண்ட லென்ஸை நான் பார்க்கவில்லை. எடை மட்டும் 2.3 கிலோ.

400 எஃப் 2.8, 600 எஃப் 4 போன்றவை புதிதாக வாங்கினால் பத்து லட்சத்துக்கு மேல். புதியவர்களுக்குத் தேவையில்லை.

லென்ஸ் பெட்டியில் இரண்டு எஃப் எண்கள் இருந்தால் இரண்டாவதைப் படியுங்கள். கேனானின் ஆர்எஃப் 100-500 லென்ஸில் 4.5-7.1 என்று இருக்கும், 500 மி.மீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 7.1. ஆர்எஃப் 200-800 லென்ஸில் 800க்குப் போனால் எஃப் 9. கடைக்காரர் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் சொல்வார்.

டெலிகன்வெர்ட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1.4 மடங்கு போட்டால் வெளிச்சம் பாதியாகும், 2 மடங்கு போட்டால் கால் பங்காகும். எஃப் 6.3 லென்ஸில் 1.4 போட்டால் எஃப் 9. நான் போட்டுப் பார்த்தேன், சோலை நிழலில் போக்கஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. இருட்டுக் காட்டுக்கு என்றால் வேண்டாம்.

மிகப் பழைய நிகான் லென்ஸ்களில் போக்கஸ் மோட்டார் இருக்காது. பழைய 80-200 எஃப் 2.8 டி லென்ஸ் விலை மலிவாகக் கண்ணில் படும். அது டி5600 போன்ற பாடிகளிலும், எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய நிகான் லென்ஸைப் புதுப் பாடியில் பொருத்தும் இணைப்பு) போட்ட மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத புது வகை) பாடிகளிலும் தானாகப் போக்கஸ் ஆகாது. கேனான் இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் வழியாக ஆர் வரிசை பாடிகளில் தைரியமாகப் போடலாம்.

4. பாடி

புல்பிரேம் சென்சாரின் பரப்பு கிராப் சென்சாரைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதனால் ஒரு ஸ்டாப் அளவுக்கு (ஐஎஸ்ஓவைப் பாதியாக்கியது போல) நாய்ஸ் குறையும், விலங்கு படத்தை நிறைத்தால் மட்டும். தூரத்து விலங்கை எடுத்து வெட்டப்போகிறீர்கள் என்றால் புல்பிரேமுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

என் கணக்கு இதுதான்: கிராப் சென்சாரில் ஐஎஸ்ஓ 3200 வரை கவலையில்லை, 6400 வரை சமாளிக்கலாம். புல்பிரேமில் 6400 வரை கவலையில்லை, 12800 வரை சமாளிக்கலாம். முதல் படியில் எழுதிய உங்கள் எண், வாங்கப்போகும் லென்ஸுக்கு மாற்றிய பிறகு, இதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் லென்ஸை மாற்றி யோசியுங்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர்களில் நிகான் டி500, டி750 இரண்டும் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. 2020க்குப் பிறகு கேனானும் நிகானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை என்பதை மனதில் வைத்து விலை பேசுங்கள். பணம் இருந்தால் மிரர்லெஸ் எடுங்கள். விலங்கின் கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் வசதி இருட்டில் மிகப் பெரிய உதவி. மெகாபிக்சல் எண்ணிக்கைக்காகப் பணம் கூட்டாதீர்கள்.

5. வாங்குமுன் வாடகைக்கு எடுங்கள்

சென்னை, கோவை, பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை நான் கொடுத்திருக்கிறேன். ஆதார் நகல், முகவரிச் சான்று, முன்பணம் அல்லது காசோலை கேட்பார்கள். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை திருப்பினால் சில இடங்களில் இரண்டு நாள் வாடகைதான். சனி ஞாயிறு வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள், டிசம்பர் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே.

எடுக்கும்போதே கண்ணாடி, மவுண்ட் (பாடியோடு பொருந்தும் வளையம்), கீறல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னால் வீடியோ எடுங்கள். ஒருமுறை நான் எடுக்காமல் விட்டு, ஏற்கெனவே இருந்த கீறலுக்கு முன்பணத்தில் 3000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

வாடகை லென்ஸை வெயிலில் சோதிக்காதீர்கள். நீங்கள் அளந்து எழுதிய அதே இடத்தில், அதே நேரத்தில் போடுங்கள்.

6. வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

புதிது என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த ரசீது, அதில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். கையால் எழுதிய சீட்டு போதாது. காப்பீடு எடுக்கவும், தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும், பிறகு விற்கவும் இந்த ஒரு தாள்தான் ஆதாரம். "பில் இல்லாமல் பதினைந்தாயிரம் குறைத்துத் தருகிறேன்" என்றால் அது வேறு வழியில் வந்த சரக்காக இருக்கலாம், இந்திய வாரண்டி கிடைக்காது. நான் மாற்றி வாங்கிய பாடி அப்படித்தான். நான்காவது மாதம் ஷட்டர் நின்றது, சர்வீஸ் சென்டரில் முழுக் காசும் கேட்டார்கள். வாங்கிய வாரமே நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

பழையது என்றால் பகலில், நேரில் மட்டும். முன்பணம் அனுப்பச் சொன்னால் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவை:

லென்ஸின் ஒரு முனையில் போன் டார்ச்சை அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மலைப் பகுதியில் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள். நான்கைந்து தூசி பரவாயில்லை.

அபர்ச்சரை முழுக்கத் திறந்து, கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி இருபது படம் எடுங்கள். உங்கள் மெமரி கார்டில் எடுத்து, மடிக்கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராத் திரையை நம்பாதீர்கள்.

பாடியின் ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது) பாருங்கள். டி750க்கு 1,50,000, டி500க்கு 2,00,000 என்பது நிறுவனம் சோதித்த அளவு. அதில் பாதிக்குள் இருந்தால் நிம்மதி.

முதல் ரசீதை வாங்கி, சீரியல் எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, விற்பவரின் அடையாள அட்டை நகலோடு "இன்ன எண்ணுள்ள லென்ஸை இன்னாருக்கு விற்றேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். இதற்கெல்லாம் சலித்துக்கொள்பவரிடம் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வருவார் என்றால், விமான நிலையத்தில் சுங்க வரி கேட்கலாம், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவியை இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், கிளம்பும்போதே சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

7. கூட வாங்க வேண்டியவை

பீன் பேக்: சஃபாரி வண்டிக் கம்பியில் வைத்து லென்ஸைத் தாங்க. தையல்காரரிடம் தடித்த துணியில் தைத்து, போன இடத்தில் அரிசி வாங்கி நிரப்பினேன், 350 ரூபாயில் முடிந்தது. வண்டிக்குள் டிரைபாட் விரிக்க இடமிருக்காது. நடந்து போகும் இடத்துக்கு ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட்.

மழை உறை. அப்புறம் ஈரப்பதமானி வைத்த காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மழையில் நனைந்த கருவியை அப்படியே பைக்குள் பூட்டிவைத்தால் பூஞ்சை வந்தே தீரும், முதலில் காயவிடுங்கள்.

8. காட்டு வாசலில்

டாப்சிலிப், முதுமலை போன்ற இடங்களில் வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கர்நாடகத்தில் கபினி போன்ற இடங்களில் லென்ஸின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் ஏறும். தொகை மாறிக்கொண்டே இருப்பதால் முன்தினம் விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் அசலைக் கையில் வையுங்கள். கடும் கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் சில வாரம் மூடிவிடுவதும் உண்டு, அறைக்குப் பணம் கட்டுமுன் கேளுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று பிளாஷ் அடிக்காதீர்கள். இரவில் காட்டுக்குள் டார்ச் அடித்து விலங்குகளைத் தேடுவது சட்டப்படி குற்றம். அதற்கும் மேல், இருட்டுக்குப் பழகிய ஒரு விலங்கின் கண்ணில் வெளிச்சத்தைப் பாய்ச்சி எடுத்த படம் எனக்குப் படமாகவே தோன்றுவதில்லை. மந்திகளுக்குத் தின்பண்டம் காட்டி அருகில் வரவழைக்கவும் வேண்டாம். சாலைக்கு இறங்கிப் பழகிய மந்திகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

9. முதல் நாள் அமைப்பு

ரா கோப்பாக (கேமரா திருத்தாத அசல் கோப்பு) எடுங்கள். மேனுவல் மோட், அபர்ச்சர் முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஷட்டரை மட்டும் விலங்கைப் பார்த்து மாற்றுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு 1/60, மேயும் காட்டுமாட்டுக்கு 1/200, நடக்கும் யானைக்கு 1/400, தாவும் மந்திக்கு 1/1000. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், மந்தியின் அசைவை நிறுத்தாது. அசையாத விலங்கென்றால் 1/60ல் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள், குறைந்தது இரண்டு படமாவது தெளிவாக வரும். வண்டியின் இன்ஜினை நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள், பெரும்பாலும் நிறுத்துவார்கள்.

நாய்ஸுக்குப் பயந்து இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்ற வேண்டாம். நிழல் பகுதிகள் இன்னும் மோசமாகும். ஐஎஸ்ஓவை ஏற்றிச் சரியான வெளிச்சத்திலேயே எடுங்கள். மரக்கிளையில் மந்தி, பின்னால் வெளுத்த வானம் என்றால் எக்ஸ்போஷரை +1 வரை கூட்டுங்கள். தேயிலைச் செடிகளுக்கு முன் படத்தை நிறைத்து நிற்கும் கருப்புக் காட்டுமாடு என்றால் அரை ஸ்டாப் குறையுங்கள்.

மென்பொருளில் நாய்ஸ் நீக்கும் வசதிகள் இப்போது மிகவும் முன்னேறிவிட்டன. 2023 முதல் படத் திருத்த மென்பொருளான லைட்ரூமிலேயே டீநாய்ஸ் இருக்கிறது. நன்றாக எடுத்த ஐஎஸ்ஓ 6400 படத்தை இது 1600 போல ஆக்கித் தரும். கணினியில் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லை என்றால் ஒரு படத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும். அசைந்து கலங்கிய முகத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அதனால் ஐஎஸ்ஓவா ஷட்டரா என்று தயங்கும் நொடியில் ஷட்டரைக் காப்பாற்றுங்கள்.